இடது கை செய்த வேலை

அந்தக் கேமராமேனுக்குப் பகல் என்று பேர் வைத்தவர் ஒரு எடிட்டர். சீரியலில் ஒரு காட்சி. நடுராத்திரி, வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது, மருமகள் கையில் மெழுகுவர்த்தியோடு மாடிப்படி இறங்குகிறாள். எடிட்டர் அதைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இவ்வளவு வெளிச்சத்துல மெழுகுவர்த்தி எதுக்கு? ஊதி அணைச்சிட்டு வா, நாளைக்கு ஆகும்" என்று திரையைப் பார்த்துச் சொன்னார். அறையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அன்றிலிருந்து அவர் பகல். பெரியவர்கள் பகல் என்றார்கள், சின்னவர்கள் பகலண்ணே என்றார்கள், சொந்தப் பேர் யூனியன் கார்டில் மட்டும் பத்திரமாக இருந்தது.

அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வது? உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது. அதை அவர் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, தப்பு அவர் மேல் மட்டும் இல்லை. சீரியல் தொடங்கின முதல் வாரமே சேனல் அதிகாரி ஒருவர் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து பாடம் எடுத்துவிட்டுப் போனார். "நாடகம் பாக்குற அம்மா சமையக்கட்டுல இருப்பாங்க. டிவி ஹால்ல இருக்கும். அங்கேருந்து எட்டிப் பாத்தா யாரு அழறா, யாரு அழ வைக்கிறான்னு தெரியணும். முகத்துல நிழல் விழுந்துச்சுன்னு வைங்க, சேனலை மாத்திடுவாங்க." அவ்வளவுதான் பேச்சு. அந்த ஒரு பேச்சில் பகலுக்குப் பதினாறு வருஷம் ஓடிவிட்டது.

வேலை எப்படி நடக்கும் என்றால், கூரையிலிருந்து வரிசையாக விளக்கு தொங்கும். யார் எங்கே நின்றாலும் முகம் தெரியும். மூன்று கேமரா ஒரே நேரத்தில் ஓடும். ஒரு நாளைக்கு இருபது காட்சி எடுத்தாக வேண்டும். மேலிருந்து வெளிச்சம் வருவதால் கண்ணுக்குக் கீழே குழி விழுந்த மாதிரி கறுப்புத் தட்டும். அதைப் போக்க ஒரு தெர்மாகோல் பலகையை முகத்துக்குப் பக்கத்தில் பிடிக்க வேண்டும். வெள்ளைப் பலகையில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தை நிரப்பிவிடும். பலகையைப் பிடிப்பது நெட்டை. மூன்று கேமராவிலும் படாமல், தள்ளி நின்று கையை நீட்டிப் பிடிக்க அவன் உயரம்தான் தோதாக இருந்தது. லைட்மேன் என்றால் யூனிட்டில் ஏழெட்டுப் பேர் உண்டு, ஆனால் பகலுக்கு லைட்மேன் என்றால் நெட்டைதான்.

காட்சி ஓடும்போது வாயைத் திறக்க முடியாது, பேசுகிற வசனம் அங்கேயே பதிவாகும். அதனால் இருவருக்கும் நடுவில் கைப்பேச்சு. பகல் வலது கையால் கேமராவைத் திருப்புவார், இடது கை சும்மா தொங்கும். உள்ளங்கையை மேல் நோக்கித் திருப்பி இரண்டு தரம் லேசாக உயர்த்தினால் பலகை வர வேண்டும். விரலை மடக்கினால் பின்னால் போக வேண்டும். முதலில் சொல்லிக்கொடுத்ததாகவே இருவருக்கும் ஞாபகம் இல்லை. புருஷன் பெண்டாட்டிகூட அவ்வளவு பேசாமல் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்று மேக்கப் போடுகிற அம்மா கிண்டல் செய்வாள். நெட்டைக்கு அவர் 'அண்ணே', வேறு வார்த்தையே கிடையாது. பகலின் மகளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் நெட்டைதான்.

பகல் சீரியலுக்காகப் பிறந்தவர் இல்லை. அதை யாரும் கேட்பதில்லை, நானே சொல்லிவிடுகிறேன். கேமரா வாடகைக்கு விடுகிற கம்பெனியில் பெட்டி தூக்கத் தொடங்கி, லென்ஸ் துடைத்து, ஒரு சினிமா கேமராமேனிடம் உதவியாளராகச் சேர்ந்து, ஃபோகஸ் பார்க்கிற வேலைக்கு வந்தார். டேப்பை எடுத்து நடிகர் மூக்குக்கும் லென்ஸுக்கும் நடுவில் எத்தனை அடி என்று அளப்பது. ஒன்பது வருஷம் யார் யாரோ மூக்கை அளந்தே போயிற்று. அப்புறம் அந்தக் கேமராமேன் உடம்பு முடியாமல் வேலையை விட்டார். அடுத்த படம் உனக்குத்தான் என்று எல்லாரும் முதுகில் தட்டினார்கள். தட்டினவர்கள் எல்லாரும், பேசிட்டுச் சொல்றோம் என்று போனார்கள். எட்டாம் மாசத்திலேயே மகள் பிறந்தாள், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அந்த நேரத்தில் சீரியல் வந்தது. "ரெண்டே மாசம்தான், குழந்தை வீட்டுக்கு வந்ததும் விட்டுடுவேன்" என்று மனைவியிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். குழந்தை வீட்டுக்கு வந்தது, நடந்தது, பள்ளிக்கூடம் போனது, இப்போது அம்மாவைவிட உயரமாக நிற்கிறது.

ஒரே ஒரு காரியம் மட்டும் தனக்கென்று செய்திருந்தார். கல்யாணமான புதிதில், உதவியாளராக இருந்தபோது, இரவல் கேமராவில் பதினோரு நிமிஷக் குறும்படம். ஒரு அறை, ஒரு ஜன்னல், புருஷன் வருவானா என்று காத்திருக்கிற ஒரு பெண். நடித்தது அவர் மனைவி. ஜன்னல் பக்கத்துக் கன்னம் வெளிச்சம், மறுபக்கம் இருட்டு. அந்த இருட்டில் இருக்கிற கண் அழுகிறதா இல்லையா என்பது கடைசி வரைக்கும் தெரியாது. நாலைந்து இடங்களில் போட்டுக் காட்டினார்கள், கைதட்டினார்கள், மறந்தார்கள்.

மறக்காத ஒருத்தி இருந்தாள். ஒரு நாள் மதியம் சீரியல் செட்டுக்கே நேரில் வந்து நின்றாள். முப்பது வயசு இருக்கும், தோளில் துணிப்பை, முதல் படம் எடுக்கப் போகிற டைரக்டர்.

"சார், அந்த ஜன்னல் படம் நீங்க எடுத்ததுதானே?"

பகலுக்கு ஒரு நிமிஷம் எந்த ஜன்னல் என்றே பிடிபடவில்லை. செட்டில் ஒன்பது ஜன்னல் இருந்தது, எல்லாம் அட்டை.

"காலேஜ்ல படிக்கும்போது பாத்தேன் சார். அதைப் பாத்துட்டுத்தான் நான் சினிமாவுக்கே வந்தேன். என் படம் பூரா ஒரே வீடு. எனக்கு அந்த வெளிச்சம்தான் வேணும். வேற யாரையும் நான் யோசிக்கவே இல்ல."

அவர் தலையை ஆட்டிவிட்டு, இதோ வரேம்மா என்று கழிவறைக்குப் போனார். உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, குலுங்கிக் குலுங்கி அழுதார். நாற்பத்தெட்டு வயசு ஆளுக்கு அப்படி ஒரு அழுகை. எவ்வளவு ஆசையை அமுக்கி வைத்திருந்தார் என்பது அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

சீரியலைத் தன் உதவியாளனிடம் கொடுத்துவிட்டு வந்தார். போனால் இடம் போனதுதான், சேனல்காரன் காத்திருக்க மாட்டான். மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், எதையும் சீட்டைப் பார்த்து அளந்து பேசுவாள். "போங்க. இப்பவும் போகலைன்னா சாகுற வரைக்கும் எங்களைத்தான் குத்தம் சொல்வீங்க" என்றாள். அதில் ஆசீர்வாதமும் இருந்தது, குத்தலும் இருந்தது. நெட்டையையும் கூட்டிக்கொண்டார். அவனில்லாமல் எங்கே கை வைக்கவும் அவருக்குத் தைரியம் இல்லை.

படப்பிடிப்பு ஒரு பழைய வாடகை வீட்டில். கதை, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய ஒரு அம்மாவைப் பற்றியது. முன்னறையில் தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். டைரக்டர் முதல் நாள் காலையில் அந்த அறைக்கு நடுவில் நின்று சொன்னாள். "ஒரே ஒரு கண்டிஷன் சார். இந்த ஜன்னல் வெளிச்சம் மட்டும்தான். எதிர்ப்பக்கம் எதுவுமே வேண்டாம். பாதி முகம் இருட்டாவே இருக்கட்டும். அங்க என்ன இருக்குன்னு பாக்குறவங்க தேடட்டும்."

"அதுதான்மா எனக்கும் வேணும்" என்றார் பகல். மனசாரச் சொன்னார். நெட்டையையும் கூப்பிட்டுச் சொன்னார். தெர்மாகோல் பலகைகள் அங்கேயும் இருந்தன, ஆனால் ஒரு பக்கம் கறுப்புத் துணி ஒட்டி, நடையிலிருந்து கசியும் வெளிச்சத்தைத் தடுப்பதற்காக. "இங்க கறுப்புப் பக்கத்துக்கு மட்டும்தான் வேலை. வெள்ளைப் பக்கத்தை மறந்துடு."

"நீங்க சொன்னா சரிண்ணே."

மூன்று நாள் நன்றாகத்தான் போயிற்று. அறைக்குள் அம்மாவாக நடிக்கிற பெண்மணி, கேமரா, பகல், நெட்டை, மைக் பிடிக்கிறவர், அவ்வளவு பேருக்குத்தான் இடம். டைரக்டர் அடுத்த அறையில் மானிட்டர் முன்னால் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். செட்டில் மானிட்டரில் வருகிற படம் எப்போதும் சோகை பிடித்த மாதிரி வெளுத்துத்தான் தெரியும், பிறகுதான் அதற்கு நிறமும் அழுத்தமும் ஏற்றுவார்கள். அதனால் அவள் நடிப்பைப் பார்த்தாளே தவிர வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. வெளிச்சத்துக்குத்தான் ஆள் இருக்கிறாரே.

பகலுக்கு ஒவ்வொரு காட்சியும் தொடங்கும்போது ஏதோ உறுத்தும். கண்ணில் தூசி விழுந்த மாதிரி ஒரு உறுத்தல். கொஞ்ச நேரத்தில் அது போய்விடும், காட்சி தானாகவே கூடி வந்துவிடும். ஆகா, கை மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். மூன்று நாளும் ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார், பாவம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் எடிட்டிங் அறையில், எடுத்த காட்சிகளுக்கு நிறம் ஏற்றிப் பெரிய திரையில் போட்டார்கள். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து கடிதம் பிரிக்கிறாள். முகம் கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்தது. இந்தக் கன்னமும் தெரிந்தது, அந்தக் கன்னமும் தெரிந்தது, இரண்டு கண்ணிலும் நீர் வருவது தெரிந்தது. ஒளிந்துகொள்ள அவளுக்கு ஓர் இடம் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த இந்தப் படத்து எடிட்டர், "நல்லா இருக்கே மேடம், பளிச்சுன்னு" என்றார்.

டைரக்டர் அந்தக் காட்சியை இன்னொரு தரம் ஓட்டச் சொன்னாள். பிறகு, "சார், நாம பேசினது இது இல்லையே" என்றாள். குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

பகல் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். இருட்டாக இருந்திருக்க வேண்டிய அந்தக் கண்ணை உற்றுப் பார்த்தார். கருவிழிக்குள் ஒரு சின்ன வெள்ளைச் சதுரம். அவருக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. பதினாறு வருஷம் ஒவ்வொரு மருமகள் கண்ணிலும் அவர் பார்த்த சதுரம் அது. எந்தக் காட்சியைப் போட்டாலும் அது இருந்தது.

"நெட்டை" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "அவன் பண்ணின வேலைம்மா இது. நான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலையில் வீட்டு வாசலிலேயே பிடித்துக்கொண்டார். மேக்கப் பெண், டிரைவர், டீ கொண்டுவந்த ஆள், எல்லாரும் இருந்தார்கள்.

"யாரைக் கேட்டுடா பலகையைத் திருப்பின?"

நெட்டைக்குப் புரியவில்லை. "எந்தப் பலகைண்ணே?"

"வெள்ளைப் பக்கம் வேண்டாம்னு தலையால அடிச்சுக்கிட்டேனே. மூணு நாளும் புடிச்சிருக்கியே, யாரைக் கேட்டுப் புடிச்ச?"

"அண்ணே, நீங்கதான்..."

"நான் எப்போடா சொன்னேன்?"

"வாயால சொல்லலண்ணே. உங்க கை..."

"கையா? என் கை எனக்குத் தெரியாதா? பொய் வேற சொல்றியா?" பகலுக்குக் கண் மண் தெரியவில்லை. பயத்தில் வந்த கோபம் அது, அந்தக் கோபத்துக்குத்தான் நாக்கு ரொம்ப நீளம். "பதினாறு வருஷம் கம்பம் மாதிரி நின்னு நின்னு உனக்கு மூளையும் மரத்துப் போச்சுடா. உன்னைக் கூட்டிட்டு வந்தது என் தப்பு. சீரியல் புத்தி எங்க போகும்? சீரியல்காரன் சீரியல்காரன்தான்!"

அந்த வார்த்தையை ஊரே அவரைப் பார்த்துச் சொன்னது. அவருக்கு அது கைவசம் இருந்தது, எடுத்து வீசிவிட்டார். நெட்டை கையுறையைக் கழற்றி மடித்துப் பின்பாக்கெட்டில் வைத்துக்கொண்டான். வாசலில் நின்றவர்களை நிமிர்ந்து பார்க்காமல், அவ்வளவு உயரத்தையும் குறுக்கிக்கொண்டு நடந்து போனான்.

சாப்பாட்டு நேரத்தில் டைரக்டர் பகலைத் தனியாகக் கூப்பிட்டாள். படம் எடுப்பதையே படம் எடுக்க ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள், விளம்பரத்துக்கு. அவள் மூன்று நாளும் நிலைப்படிக்கு வெளியே நின்று போனில் எடுத்ததை டைரக்டரிடம் காட்டியிருந்தாள்.

"இதை நீங்க பாக்கணும் சார்."

போன் திரையில் அவர் முதுகு. கேமராவில் கண்ணை வைத்திருக்கிறார். வலது கை கைப்பிடியில். அம்மா கடிதத்தைப் பிரிக்கிறாள். அவருடைய இடது கை, தொடையோரம் தொங்கிக்கொண்டிருந்த கை, மெல்லத் திரும்பி உள்ளங்கையைக் காட்டியது. இரண்டு தரம் உயர்ந்தது. மூலையில் கறுப்புப் பலகையோடு நின்ற நெட்டை முகத்தில் ஒரு குழப்பம். ஒரு நொடி அவர் முதுகைப் பார்த்தான். கை மறுபடியும் உயர்ந்தது. அண்ணன் மனசை மாற்றிக்கொண்டார் போல என்று நினைத்திருப்பான். பலகையைத் திருப்பி, காலால் சத்தம் வராமல் இரண்டடி வைத்து, அம்மாவின் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து பிடித்தான். பகலின் தோள் தளர்வது வீடியோவில் நன்றாகத் தெரிந்தது.

"இன்னும் இருக்கு சார். எல்லாத்துலயும் இப்படித்தான்."

"போதும்மா."

அவர் நெட்டையைக் கூப்பிட வேண்டும் என்று தன் போனைக் கையில் எடுத்தார். என்ன சொல்வது? அத்தனை பேர் முன்னால் பேசினதை, போனில் யாரும் இல்லாத இடத்தில் எப்படித் திரும்ப எடுப்பது? முதலில் இந்த மதியக் காட்சியைச் சரியாக எடுத்துவிடுவோம், எடுத்த கையோடு நேரில் போய் நிற்போம் என்று போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார். கோழைத்தனம்தான். அதற்கு அவர் வேறு பேர் வைத்துக்கொண்டார்.

டைரக்டர் ஒன்றும் கடிந்து சொல்லவில்லை. "இந்த ஒரு ஷாட்டை நாம நினைச்ச மாதிரி எடுத்துடலாம் சார். மத்ததைத் திரும்ப எடுத்துக்கலாம், தயாரிப்பாளர்கிட்ட நான் பேசறேன். ஆனா இது வரலைன்னா..." என்று நிறுத்தினாள். மீதியை அவரே முடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

படத்துக்கே உயிரான காட்சி. மகன் வர மாட்டான் என்று போனில் சொல்லிவிட்டார்கள். அம்மா போனை வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். வசனம் இல்லை, அசைவு இல்லை. கேமராவும் அசையாது, மூன்று காலில் நின்றபடி பார்த்துக்கொண்டே இருக்கும். பகல் ஃப்ரேம் வைத்து, பூட்டி, இடது கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டார். பலகைகள் சுவரோரம் கறுப்புப் பக்கம் வெளியே தெரியச் சாத்தியிருந்தன. ஆக்‌ஷன் என்றாள் டைரக்டர் அடுத்த அறையிலிருந்து.

அந்த நடிகை பெரிய நடிகை. ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் பக்கத்துக் கன்னத்தில் தெரு வெளிச்சம் விழுந்தது, மறுபக்கம் அறையோடு சேர்ந்து இருண்டது. பகல் பார்த்தார். அந்தக் கண்ணைக் காணோம். தேடினார், காணோம். இருக்கட்டும், இதுதான் வேண்டும், இதற்குத்தான் வந்தாய் என்று தனக்குத்தானே சொன்னார். எங்கேயோ ஒரு சமையக்கட்டிலிருந்து யாரோ எட்டிப் பார்த்து, யாரு இது, முகமே தெரியலையே என்று கேட்கிற மாதிரி இருந்தது. பெற்ற பிள்ளையை இருட்டு அறையில் விட்டுவிட்டு வெளியே நிற்கிற மாதிரி பதைத்தது.

எப்போது கேமராவை விட்டு நகர்ந்தார் என்று அவருக்குத் தெரியாது. டைரக்டர் நிலைப்படியில் வந்து நின்றபோது அவர் நடிகைக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். இரண்டு கையாலும் தெர்மாகோலைப் பிடித்திருந்தார். வெள்ளைப் பக்கம் கன்னத்தைப் பார்த்திருந்தது.

"சார்" என்றாள் டைரக்டர். கத்தவில்லை.

அவர் தன் கையில் இருப்பதைப் பார்த்தார்.

"அந்தக் கண்ணு தெரியலம்மா."

"தெரிய வேண்டாம்னுதானே சார் உங்களைத் தேடி வந்தேன்."

நடிகை தலையைத் திருப்பாமல், உட்கார்ந்த நிலை கலையாமல், "இன்னொரு டேக் போறோமா?" என்று கேட்டாள். பகல் பலகையைச் சுவரில் சாத்தினார்.

"வேற ஆளைப் பாத்துக்கோம்மா" என்றார்.

அவள் வேண்டாம் சார், அப்படியெல்லாம் பேசாதீங்க என்பாள் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் வாய் திறக்கவில்லை. அவர் தன் பையை எடுத்துக்கொண்டு, வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார்.

அன்றைக்கே நெட்டை வீட்டுக்குப் போனாரா என்று கேட்பீர்கள். போகவில்லை. தோற்றுப்போன முகத்தோடு போய் மன்னிப்புக் கேட்க அவருக்கு மனசு வரவில்லை. நாள் தள்ளிப்போனது, தள்ளிப்போக ஆரம்பித்தால் அதற்கு நிற்கிற வழக்கமே கிடையாது.

ஒரு வாரம் வீட்டில் கிடந்தார். ஒரு காலை, மனைவி வேலைக்குக் கிளம்பித் தலை வாரிக்கொண்டிருந்தபோது, அந்தப் பழைய குறும்படத்தைப் போனில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ எப்படி எடுத்தேன் பாரு. எனக்கு இருபத்தாறு வயசு. இருட்டை அப்படியே விடறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்! அது எங்க போச்சுன்னே தெரியல. இந்தச் சீரியல்தான் என்னை அழிச்சிடுச்சு."

மனைவி எட்டிப் பார்த்தாள். சின்ன வயசுத் தன் முகத்தை, வெளிச்சத்தில் இருந்த பாதியை, கொஞ்சம் பிரியமாகப் பார்த்தாள்.

"தைரியமா? எங்கிட்டயேவா? அன்னிக்கு எதிர் வீட்டுல போய் ஒரு வெள்ளைப் போர்வை கேட்டு வாங்கிட்டு வான்னு என்னை அனுப்பினீங்களே, மறந்துட்டீங்களா? இந்தப் பக்கம் கட்டணும், கண்ணு தெரியலைன்னு துடிச்சீங்க. அவங்க வீடு பூட்டியிருந்துச்சு. வெயில் போயிடும், சனியன், இருக்கறதை வெச்சு எடுத்துடலாம்னு எடுத்தீங்க."

"நானா?"

"பின்ன நானா?" அவள் சீப்பை வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். குத்திக்காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். "சாப்பாடு மூடி வெச்சிருக்கேன், ஆறிடப் போகுது."

அவள் போன பிறகும் அவர் அந்த நாளை ஞாபகப்படுத்திப் பார்த்தார். போர்வை ஞாபகம் வரவில்லை. ஆனால் மனைவிக்குப் பொய் சொல்லத் தெரியாது. திருடு கொடுத்துவிட்டேன் என்று பதினாறு வருஷமாக மார் தட்டி அழுத பொருள் பெட்டிக்குள் எப்போதுமே இருந்ததில்லை என்று தெரிந்தால் ஒரு மனுஷன் என்ன செய்வான்? போனை அணைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

வேலைக்குப் போகத்தானே வேண்டும். பழைய சீரியலில் உதவியாளன் நன்றாகக் காலூன்றிவிட்டான். மதியம் ஒளிபரப்பாகிற இன்னொரு சீரியலில் கூப்பிட்டார்கள், யாரும் அவ்வளவாகப் பார்க்காத நேரம். போனார். அதே மாதிரி ஹால், அதே மாடிப்படி, கூரையில் அதே விளக்கு வரிசை. ஏணி மேல் நின்று ஒரு விளக்கைத் திருகிக்கொண்டிருந்தான் நெட்டை.

பகலுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. ஏணிக்குக் கீழே போய் நின்றார். "நெட்டை, இங்கயா இருக்க? உன்கிட்ட நானே வந்து பேசணும்னு... அன்னிக்கு நான் பேசினது..."

"பழசு எதுக்கு சார்" என்றான் அவன், திருப்புளியை நிறுத்தாமல். "விளக்கு சூடா இருக்கு, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

சார் என்று சொன்னது அவர் காதில் விழுந்தது. ஏதோ கோபம், இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று தள்ளி நின்றார்.

முதல் காட்சி. சமையக்கட்டு வாசலில் மருமகள் நின்று அழுகிறாள். மூன்று கேமராவும் ஓடின. கண்ணுக்குக் கீழே கறுப்புத் தட்டியது. பகலின் இடது கை திரும்பி, இரண்டு தரம் உயர்ந்தது. பலகை வரவில்லை. இன்னொரு தரம் உயர்த்தினார். வரவில்லை. கேமராவிலிருந்து கண்ணை எடுத்துத் திரும்பிப் பார்த்தார். நெட்டை நாலடி தள்ளித்தான் நின்றிருந்தான். பலகையின் அடி தரையில் ஊன்றியிருந்தது. அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

கட் சொன்னார்கள். கண்ணுக்குக் கீழே கறுப்பா இருக்கே என்று சீரியல் டைரக்டர் மைக்கில் அலுத்துக்கொண்டார்.

"ஏன்டா புடிக்கல?" என்றார் பகல், மெதுவாக, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "கை காட்டினேனே."

"கையெல்லாம் எனக்குப் புரியாது சார்" என்றான் நெட்டை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னான், ஆனால் மரியாதைக் குறைவாக ஒரு எழுத்து இல்லை. "எது வேணும்னாலும் வாயால சொல்லிடுங்க. அப்புறம் நான் பொய் சொன்னேன்னு ஆயிடும்."

மேக்கப் போடுகிற பெண் பவுடர் டப்பாவைத் திறந்தபடி நின்றாள். பகல் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, வாயைத் திறந்து சொன்னார்.

"அந்தப் பக்கம் கொஞ்சம் புடிப்பா."

"சரிங்க சார்" என்றான் நெட்டை.